ஈரக் காலையில் மட்டும் மக்கர் செய்யும் இம்மொபிலைசர்

ஹட்டனில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி, சுருக்கமாக இதுதான். 1991ஆம் ஆண்டு மஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்று வாங்கியிருக்கிறார். இரண்டு சீட், 1.6 லீட்டர், மேனுவல் கியர். முதலில் இங்கிலாந்தில் ஓடிய வண்டி, அலாரமும், கள்வன் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் தடுக்கும் இம்மொபிலைசரும் அங்கேயே பொருத்தியவை. வெயில் நாளில் ஒரு குறையும் இல்லை. மழை பெய்த மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, எஞ்சினைச் சுற்றவைக்கும் செல்ப் மோட்டார் அடிப்பதில்லை. சில நாள் செல்ப் அடிக்கிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. போன மாதம் கொழும்புக்கு இறங்கும்போது கினிகத்தேனைக்குக் கீழே ஒரு வளைவில் எஞ்சின் தானாக நின்றிருக்கிறது. அந்த நேரத்தில் டாஷ்போர்டில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கு மின்னியதாம். ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஒரு கராஜில் இம்மொபிலைசரை வெட்டி நேராக இணைக்கலாம் என்கிறார்கள், இன்னொரு கராஜில் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வை மாற்ற வேண்டும் என்கிறார்கள். எதைக் கேட்பது?

தம்பி, இப்போதைக்கு இரண்டையும் கேட்காதீர்கள். நீங்கள் சொன்னதில் மிகப் பெறுமதியான தகவல் அந்தச் சிவப்பு விளக்குதான். அதை வைத்துப் பார்த்தால் இம்மொபிலைசர் பெட்டி கெட்டிருக்கும் என்பதைவிட, அதற்குப் போகும் கரண்ட் அறுந்து அறுந்து போகிறது என்றே நான் சந்தேகிப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் மாடல் எம்.எக்ஸ்-5 காருக்கு, தலைவிளக்கு மேலே எழும்பி வருகிற அந்த முதல் தலைமுறைக்கு, இந்தக் காலத்து வண்டிகளைப் போலச் சாவிக்குள் சிப் கிடையாது. அந்தச் சிப் முறை ஐரோப்பாவில் 1990களின் நடுவில்தான் பரவியது. 1998 அக்டோபரிலிருந்து அங்கே விற்கும் புதிய கார் எல்லாவற்றுக்கும் இம்மொபிலைசர் கட்டாயமானது. அதற்கு முந்திய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இங்கிலாந்தில் இன்சூரன்ஸ் கம்பனிகளின் நெருக்குதலால் வெளியே வாங்கிப் பொருத்தினார்கள். தாட்சம் என்ற நிறுவனம் அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்தது. உங்கள் கண்ணாடியில் அதன் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கலாம், பாருங்கள்.

இப்படி வெளியே வாங்கிப் பொருத்திய பெட்டி செய்கிற வேலை மிகச் சாதாரணமானது. காரின் சொந்த வயர்களில் இரண்டு மூன்றை வெட்டி, வெட்டிய இடத்தில் கரண்டால் இயங்கும் ஒரு சுவிட்சை, அதாவது ரிலேயை, நுழைத்திருப்பார்கள். செல்ப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய வயர், பெற்றோல் பம்பின் வயர், இக்னிஷன் வயர் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கை வைப்பார்கள். ரிமோட்டை அழுத்தினால் ரிலே மூடி, வெட்டிய இரண்டு முனையும் சேரும். பெட்டிக்கு வரும் கரண்ட் போனால் ரிலே திறந்துகொள்ளும். கள்வன் பெட்டியின் வயரை அறுத்தாலும் கார் ஓடக்கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்தது. ஆனால் அதே காரணத்தால், பெட்டியைக் காரின் தகட்டோடு சேர்க்கும் எர்த் வயர் கொஞ்சம் தளர்ந்தாலும் கார் உங்களையே கள்வனாக நினைக்கும்.

இப்போது சிவப்பு விளக்குக்கு வருவோம். சாவி ஓனில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அது மின்னக்கூடாது. பூட்டிய நிலையில் மட்டுமே மின்னும். ஓடும்போது மின்னியதென்றால், பெட்டி ஒரு கணம் செத்துப் பிழைத்து, பிழைத்ததும் தன்னைப் பூட்டிய நிலையில் வைத்துக்கொண்டது என்று அர்த்தம். இன்னொன்றையும் யோசியுங்கள். செல்ப் வயர் மட்டும் கெட்டிருந்தால் ஓடுகிற எஞ்சின் நிற்காது. பம்ப் வயர் மட்டும் கெட்டிருந்தால் செல்ப் அடிக்காமல் போகாது. உங்கள் காரில் மூன்று விதமாகவும் நடக்கிறது. மூன்றுக்கும் பொதுவான இடம் பெட்டியின் உணவுதான்: நிரந்தர பிளஸ், சாவி போட்டால் வரும் பிளஸ், எர்த். வட்டவளைப் பக்கத்து மழையை நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. முப்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் யாரோ ஒருவர் கிளிப் வைத்து நெரித்த இணைப்பில் அந்த ஈரம் இறங்கினால், செம்பில் களிம்பு ஏறாமல் என்ன செய்யும்?

ஆனால் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைக்கும் முன் பெட்டரியைப் பாருங்கள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன், ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வந்த ஒரு பழைய கூபே, இதே மாதிரிக் காலையில் மட்டும் முரண்டு பிடித்தது. இரண்டு நாள் டாஷ்போர்டைப் பிரித்துப் போட்டு, இம்மொபிலைசர் பெட்டியையே மாற்றினேன். மூன்றாம் நாள் காலை மறுபடியும் அதே கதை. கடைசியில் பார்த்தால் பெட்டரி முனையின் கவ்விக்குள் வெள்ளைப் பொடி. மேலே தங்கம் மாதிரி மினுக்கம், உள்ளே தொடுப்பே இல்லை. குளிரில் பெட்டரியின் பலம் குறையும், செல்ப் இழுக்கும்போது வோல்ட் சரியும், சரிந்ததும் பெட்டி மயங்கிவிடும். நான் மாற்றிய பெட்டிக்குக் காசு வாங்கவில்லை. வாங்க முகமும் இல்லை.

உங்கள் காரில் பெட்டரி பொனட்டுக்குள் இல்லை, டிக்கியில் இருக்கிறது. மழை நாட்களில் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். துணிக் கூரையின் தண்ணீர் வடிய, சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஓட்டை உண்டு. பைன் இலை விழுந்து அடைத்தால் அந்தத் தண்ணீர் கம்பளத்துக்கும் டிக்கிக்கும் போய்விடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கலாம். பெட்டரியை ஒரு இரவு சும்மா விட்டு அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதலில் பெட்டரி, கவ்வி, எர்த் கம்பி மூன்றையும் சரிசெய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். ஒரு துணைத் தகவல்: இந்தக் காருக்குக் கம்பனி கொடுத்தது மூடிய வகைப் பெட்டரி. அதற்குப் பதிலாகச் சாதாரண அசிட் பெட்டரி வைத்திருந்தால், வாயு வெளியேறும் குழாய் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டிக்கித் தகடு துருவாகிவிடும்.

பெட்டரி சரியென்றால் பெட்டியைத் தேடலாம். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், ஒரு கறுப்புப் பெட்டியும் அதிலிருந்து ஒரு கத்தை கறுப்பு வயரும் தெரியும். எல்லாமே கறுப்பு. கள்வனைக் குழப்பச் செய்தது, பிறகு வந்த எல்லா மெக்கானிக்கையும் குழப்புகிறது. சில வயரில் சின்ன எழுத்தில் இலக்கம் அச்சடித்திருக்கும், டோர்ச் அடித்துப் பார்த்தால் வாசிக்கலாம். எதையும் வெட்டாதீர்கள். முதலில் போனில் படம் எடுங்கள், நாலு பக்கத்திலிருந்தும்.

அடுத்தது எர்த். பெட்டியின் எர்த் வயரை டாஷ்போர்டுக்கு அடியில் ஏதோ ஒரு பெயின்ட் அடித்த தகட்டில் ஸ்குரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி அந்த ஸ்குரூதான். கழற்றி, தகட்டைச் சுரண்டி, புது முனை வைத்து இறுக்கிக் கிரீஸ் பூசுங்கள். அதன் பிறகு பிளஸ் வயர் இரண்டு. இங்கே மல்டிமீட்டரை நம்பாதீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. பிரேக் விளக்குப் பல்பு ஒன்றை, அந்த 21 வாட் பல்பை, இரண்டு வயரில் இணைத்து அதை வைத்துச் சோதியுங்கள். பெட்டிக்கு வரும் பிளஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் பெட்டரியில் நேராக எரிவதுபோலவே எரிய வேண்டும். மங்கினால் அங்கேதான் வியாதி. பல்பு எரியும்போதே வயர் கத்தையை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். வெளிச்சம் துடிக்கிற இடத்தில் டேப்பைப் பிரித்தால், உள்ளே நீல நிறக் கிளிப்போ முறுக்கிவிட்ட வயரோ இருக்கும். பல்பைக் கையில் பிடிக்காதீர்கள், சுட்டுவிடும். காற்றுப்பை இருக்கும் காரில் அதன் மஞ்சள் வயரில் இந்தப் பல்பைக் கொண்டுபோகவே கூடாது.

இதையெல்லாம் வெயில் நாளில் செய்து பிரயோசனமில்லை. கோளாறு இருக்கும் காலையில், கார் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது செய்ய வேண்டும். பொறுமை வேண்டும், ஸ்வெட்டரும் வேண்டும்.

உங்கள் காருக்கே உரிய சில பொறிகள் இருக்கின்றன, அவற்றில் விழுந்துதான் பலர் இம்மொபிலைசர்மேல் பழி போடுகிறார்கள். முதலாவது பெற்றோல் பம்ப். பல கார்களில் சாவி போட்டதும் பின்னால் இரண்டு விநாடி 'ஸ்...' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். 1.6 எம்.எக்ஸ்-5இல் அது கேட்காது. செல்ப் அடிக்கும்போதும், எஞ்சின் இழுக்கும் காற்று காற்றளவியின் கதவைத் திறக்கும்போதும்தான் பம்ப் ஓடும். எனவே 'சத்தமே இல்லை, இம்மொபிலைசர் பம்பை வெட்டிவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரியான சோதனை வேறு. பொனட்டைத் திறந்தால் மூடியில் டயக்னோசிஸ் என்று எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியின் உட்புறத்தில் எந்தத் துளை எது என்று போட்டிருக்கும். சாவியை ஓனில் வைத்து, எஃப்/பி என்ற துளையையும் ஜி.என்.டி. என்ற துளையையும் ஒரு வயர்த் துண்டால் இணையுங்கள். பம்ப் ஓட வேண்டும். மழைக்காலையிலும் ஓடினால் பம்புக்குக் கரண்ட் போகும் வழி நன்றாக இருக்கிறது. வெயிலில் ஓடி மழையில் ஓடாவிட்டால் இம்மொபிலைசர் அந்த வழியில்தான் உட்கார்ந்திருக்கிறது. துளையைத் தவறாக எண்ணி வேறெதையும் இணைத்துவிடாதீர்கள், கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

செல்ப் அடித்தும் எஞ்சின் பிடிக்காத நாளில் ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். செல்ப் சுற்றும்போது முள் கொஞ்சமாவது துள்ளினால் இக்னிஷன் பக்கம் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், பம்பைத் தேடுங்கள். செத்ததுபோல் கிடந்தால் இக்னிஷன் வயர், அல்லது எஞ்சின் தலையின் பின்புறம் இருக்கும் கேம் சென்சாரின் பிளக். அந்தப் பிளக்கிலும் ஈரம் புகும்.

இரண்டாவது பொறி செல்ப். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்தால் அது இம்மொபிலைசர் அல்ல என்றே சொல்லலாம், ஏனென்றால் கட்டளை செல்ப் வரைக்கும் போய்விட்டது. பழைய இக்னிஷன் சுவிட்சிலும் நீண்ட வயரிலும் வோல்ட் தேய்ந்து, இழுக்கப் பலம் இல்லாமல் போகிறது. செல்ப் மோட்டார் இன்டேக் குழாய்களுக்குக் கீழே ஒளிந்திருப்பதால் அதைக் கழற்றச் சோம்பல்பட்டுத்தான் பல மெக்கானிக் பாஸ்மார் முதலில் இம்மொபிலைசரைக் கை காட்டுவார்கள். சத்தமே இல்லாவிட்டால்தான் சந்தேகம் இந்தப் பக்கம் வரும். அப்போது நம் மலைநாட்டில் ஒரு வசதி இருக்கிறதே, சரிவு! காரைக் கீழ்நோக்கி நிறுத்தி, சாவியை ஓனில் வைத்து, இரண்டாம் கியரில் உருட்டி கிளச்சை விடுங்கள். எஞ்சின் பிடித்தால் குறை செல்ப் வயரில் மட்டும். உருட்டியும் பிடிக்காவிட்டால் பம்போ இக்னிஷனோ சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கிறது. முதலில் ஸ்டியரிங் லொக் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்கு மட்டுமே. நீளமான, ஆள் இல்லாத, அடியில் சமதரை உள்ள இடம் பாருங்கள், பஸ் ரோட்டில் வேண்டாம்.

ரிமோட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டரியை மாற்றுங்கள், உள்ளே இருக்கும் தொடுப்புத் தகட்டைத் துடையுங்கள். ஆனால் பொனட்டுக்குள் இருக்கும் சைரனைப் பாருங்கள். இங்கிலாந்துச் சைரன் பலவற்றுக்குள் தனியாக ஒரு சின்ன பெட்டரி இருக்கும். வருடம் போகப் போக அது ஒழுகி உள்ளே இருக்கும் போர்டைத் தின்றுவிடும். நடு இரவில் காரணமில்லாமல் கத்துவதும், இரண்டு நாள் நிறுத்தினால் கார் பெட்டரி இறங்குவதும் அதன் வேலையாக இருக்கலாம்.

சரி, இணைப்புகளைச் சரிசெய்த பிறகும் பெட்டி மயங்கினால்? அப்போது கழற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. உள்ளே இருக்கும் ரிலேயின் ஈயம் வெடித்திருக்கும். திறந்து மறுபடி ஈயம் வைக்கலாம், நான் வைத்தும் இருக்கிறேன். ஆனால் கடிகாரத்தையும் ரேடியோவையும் அப்படி ஓட்டலாம். ரம்பொடையிலோ கடுகண்ணாவையிலோ இறங்கும்போது எஞ்சினை நிறுத்தக்கூடிய ஒரு பொருளை அப்படி ஓட்ட எனக்கு மனம் வராது.

கழற்றுவது என்றால் கராஜ்காரர் சொன்ன 'வெட்டி நேராக இணைப்பது' அல்ல. அவர் செய்யப்போவது பெட்டியின் கறுப்பு வயர் இரண்டை முறுக்கி டேப் சுற்றுவது. பழைய கிளிப்பும் களிம்பும் அப்படியே இருக்கும், அடுத்த மழையில் திரும்பவும் நிற்கும், அப்போது குற்றம் சொல்லப் பெட்டிகூட இருக்காது. சரியான முறை இது. டிக்கியில் பெட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கறுப்பு வயரையும் அது காரின் சொந்த வயரோடு சேரும் இடம்வரை பின்தொடருங்கள். வெட்டிய இடத்தில் ஒரே நிறக் கோடுள்ள இரண்டு முனை எதிரெதிரே இருக்கும். கறுப்பு வயரை நீக்கிவிட்டு, நல்ல செம்பு தெரியும்வரை சுரண்டி, நிறத்தோடு நிறம் சேர்த்து ஈயம் வையுங்கள். சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, வயர் ஆடாதபடி கட்டுங்கள். வெட்டாமல் சும்மா கிள்ளி எடுத்த வயர்களும் இருக்கும், இண்டிகேட்டருக்கும் கதவு சுவிட்சுக்கும் போனவை. அவற்றை நீக்கி, காயத்தை மூடினால் போதும். ஒரு வெட்டைச் சரிசெய்து, சோதித்து, அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள். அரை நாள் வேலை. அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

பாதுகாப்புக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் வெறுமனே விடச் சொல்லமாட்டேன். பொதுவாக நான் செல்ப் வயரில் மட்டும் ஒரு மறைவுச் சுவிட்ச் போடச் சொல்வேன், கெட்டாலும் ஓடுகிற எஞ்சின் நிற்காது என்பதற்காக. ஆனால் நம் ஊரில் கார் நிற்பதே சரிவில்தான். கள்வனும் உருட்டுவான். ஆகவே உங்கள் காருக்கு, பெற்றோல் பம்பின் ரிலேயை இயக்கும் சின்னக் கரண்ட் வயரில், நல்ல தரமான சுவிட்ச் ஒன்றைக் தற்செயலாகக் கை படாத இடத்தில் வையுங்கள். அதில் எலக்ட்ரோனிக்ஸ் எதுவும் இல்லை, மயங்க மூளையும் இல்லை. கூடவே ஸ்டியரிங்குக்கு ஒரு இரும்புப் பூட்டு. உங்கள் இன்சூரன்ஸ் பத்திரத்தில் இம்மொபிலைசர் இருப்பதாக எழுதியிருந்தால், கழற்றியதைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

ஈ.சி.யூ. மாற்றச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் காரின் ஈ.சி.யூ.வுக்கு இப்படியொரு இம்மொபிலைசர் இருப்பதே தெரியாது. அது இருப்பது வயரின் நடுவில். சாவியில் சிப் உள்ள பிந்திய கார்களின் கதை வேறு. அங்கே ஈ.சி.யூ.வும் சாவியும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும், வயரை இணைத்து ஏமாற்ற முடியாது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் முதலில் மற்றச் சாவியைப் போட்டுப் பாருங்கள். வளையத்தில் வேறு சிப் சாவி தொங்கினால் கழற்றுங்கள். அண்மையில் சாவிக்குப் புதுக் கூடு போட்டிருந்தால் பழைய கூட்டுக்குள் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய சிப் ஒன்று கிடக்கிறதா என்று தேடுங்கள். கூடு மாற்றுகிறவர்கள் அதை மறந்து குப்பையில் போடுவது புதிதல்ல. அந்தச் சிப்புக்கு பெட்டரி தேவையில்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள வளையச் சுருள் கொடுக்கும் சக்தியே போதும், அதனால் ரிமோட் பெட்டரி செத்தாலும் கார் ஸ்டார்ட் ஆக வேண்டும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த ஈ.சி.யூ. வாங்குவதென்றால் அதற்குரிய இம்மொபிலைசர் பெட்டியையும் சாவிச் சிப்பையும் ஒரே காரிலிருந்து செட்டாகக் கேளுங்கள். தனி ஈ.சி.யூ. வாங்கினால் அதற்கு உங்கள் சாவியைத் தெரியாது.

எர்த் ஸ்குரூவையும் அந்த இரண்டு பிளஸையும் பார்த்துவிட்டு, சிவப்பு விளக்கு என்ன செய்கிறது என்று எழுதுங்கள். அதுவரை இரவில் கினிகத்தேனைப் பக்கம் இந்தக் காரில் இறங்க வேண்டாம். நுவரெலியாவுக்கு என்னிடம் கொண்டுவருவதானால் மழை பெய்த மறுநாள் காலையில், முந்திய இரவே வந்து வெளியில் நிறுத்தி வையுங்கள், கராஜுக்குள் காய்ந்த காரில் எனக்கு ஒன்றும் தெரியாது. பதிவுச் சான்றிதழையும் எடுத்து வாருங்கள், அதைப் பார்க்காமல் யாருடைய இம்மொபிலைசரையும் நான் தொடுவதில்லை.